பேழைக்குள் ஒரு படிப்பினை
ஹைதராபாத் பொதுத்தோட்ட அருங்காட்சியகத்தில், ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் வழங்கிய எகிப்தியப் பெண்ணின் மம்மியைக் காணலாம். அதன் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.

உடலை அழிக்கும் நுண்ணுயிர்கள் பெருக ஈரம் வேண்டும். அதனாலேயே எகிப்தியர் உடலை நேட்ரான் உப்பில் உலர்த்தினர். ஆயினும் ஈரக்காற்று பட்டால் சிதைவு மீண்டும் தொடங்கும். பூசணம் பற்றிய இரண்டாம் ராம்சேஸின் உடலை 1976இல் பாரிஸுக்குக் கொண்டுசென்று, 1977இல் காமாக் கதிர்களால் தூய்மை செய்தனர். ஹைதராபாத் மம்மியும் சிதைவதைக் கண்டு, 2016இல் ஊடுகதிர்ப் படமெடுத்து ஆராய்ந்து, உயிர்வளி நீக்கி நைட்ரஜன் நிரப்பிய பேழையில் வைத்தனர்.

மனிதனின் எந்த முயற்சியும் அழிவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. நம் மார்க்கமோ மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, விரைந்து மண்ணில் அடக்கப் பணிக்கிறது. பேழையில் கிடப்பவளும் ஆதமின் மகளே. அவளை வேடிக்கைப் பொருளாகப் பாராது படிப்பினை பெறுவதே நாம் செலுத்தும் கண்ணியம்.