வயலின் வாங்கலையோ! துண்டுக்கு அடியில் ஒரு பேரம்

வீட்டுப் பரண்ல தாத்தா காலத்து வயலின் ஏதாவது கிடக்குதா? இருந்தா இறக்கித் தூசி தட்டுங்க. மேல்பலகையில இருக்குற ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள எட்டிப் பாருங்க. பழுப்பேறின காகிதத்துல 'அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்'னு லத்தீன்ல அச்சடிச்சிருக்கா? உடனே வேலையை ராஜினாமா பண்ணிடாதீங்க :-)

ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன், பிரான்ஸின் மிர்கூர் மாதிரி ஊர்கள்ல இருந்து 19-ஆம் நூற்றாண்டுலயும் அதுக்கப்புறமும் மலை மலையா வயலின்கள் வெளிய வந்துச்சு. அதுல ஏகப்பட்டதுக்கு இந்தப் பேரை ஒட்டித்தான் அனுப்பினாங்க. பல நேரம் அது ஏமாத்துறதுக்குக்கூட இல்ல. 'இந்த மாடல்ல செஞ்சது'ன்னு மட்டும்தான் அர்த்தம். வாங்கினவருக்கும் அது தெரியும். ரெண்டு தலைமுறை தாண்டி பேரன் கைக்கு வரும்போதுதான் அது 'ஒரிஜினல்' ஆயிடுது.

இதை எழுதக் காரணம், நான் இருக்குற டூங்கபி பக்கம் அடிக்கடி காதுல விழுற ஒரு கேள்வி. இங்க நம்மாளுங்க வீட்டுல பிள்ளைங்க பாட்டு, வயலின், வீணைன்னு ஏதாவது ஒண்ணு கத்துக்குறது சகஜம். பிள்ளை முக்கால் சைஸ் வயலின்ல இருந்து முழு சைஸுக்கு வளர்ந்ததும் அப்பா அம்மாவுக்குக் கவலை ஆரம்பிக்கும். விலை டாலர்ல ஆயிரங்களைத் தொடும். வாங்குறவங்களுக்கு வாசிக்கத் தெரியாது, மரமும் தெரியாது. அதனால எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, நம்பிக்கையான கடை ஏதாவது தெரியுமா?"

நம்பிக்கையான கடைன்னா என்ன? வயலின் வியாபாரத்தோட வரலாறே இந்தக் கேள்வியைச் சுத்தித்தான் ஓடுது.

முதல் ஆள், லூயிஜி டாரிசியோ. இத்தாலிக்காரர், 19-ஆம் நூற்றாண்டோட முன்பாதி. கிராமம் கிராமமா, மடம் மடமாப் போவாராம். மூலையில தூசி பிடிச்சுக் கிடக்குற பழைய வயலினை வாங்கிட்டு, பளபளன்னு ஒரு புது வயலினைக் கொடுத்துட்டு வருவாராம். (பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துட்டுப் போற ஆளு ஞாபகம் வருதா?) அப்படிச் சேர்த்ததைப் பாரிஸுக்குத் தூக்கிட்டுப் போய் வித்தார். 1854-ல அவர் செத்துப்போனதும், ஜான் பாப்டிஸ்ட் வியோம்ங்கற பாரிஸ் வியாபாரி அடிச்சுப் பிடிச்சு இத்தாலிக்கு ஓடினார். 1855-ல வாரிசுகள்கிட்ட இருந்து அந்தக் குவியலை மொத்தமா வாங்கிட்டு வந்தார். அதுல ஒண்ணுதான் 1716-ல ஸ்ட்ராடிவேரி செஞ்ச 'மெசையா'. இன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டுல, ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு.

இந்த வியோம் வெறும் வியாபாரி இல்ல. அந்தக் காலத்துலயே பழைய வயலின்களை நகலெடுக்குறதுல பெரிய கில்லாடி. பாகனினியோட வயலினை நகலெடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சப்ப, எது தன்னோடதுன்னு பாகனினியே திணறினார்னு ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, சங்கடம் என்னவோ நிஜம். ஒரிஜினலை அடையாளம் கண்டுபிடிக்கிறதுல ஊர்லயே கெட்டிக்காரர், நகல் பண்றதுலயும் கெட்டிக்காரர், விக்கிறவரும் அவரே. அப்ப வாங்குறவன் யாரை நம்புவான்?

இந்தக் கேள்விக்கு லண்டன் சொன்ன பதில், காகிதம். ஹில் அண்ட் சன்ஸ்ங்கற கடைக்காரங்க தங்க கைக்கு வந்த வாத்தியங்களை எல்லாம் கவனிச்சுக் குறிச்சு வச்சாங்க. 1902-ல ஸ்ட்ராடிவேரியைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே போட்டாங்க. இன்னிக்கும் அந்த விஷயத்துல அது அடிப்படை நூல். 'ஹில் சர்டிஃபிகேட் இருக்கு'ன்னா பேரம் பாதி முடிஞ்ச மாதிரி. கடை 1992-ல மூடிட்டாங்க, ஆனா அந்தக் காகிதத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கு. ஆக, வயலினுக்குள்ள ஒட்டின லேபிளை ஒருத்தரும் நம்பல, வெளிய இன்னொரு ஆள் எழுதிக் கொடுத்த காகிதத்தை எல்லாரும் நம்பினாங்க.

'எதுக்குங்க காகிதம்? வாசிச்சுப் பார்த்தா தெரியாதா?'ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. 2010-ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல க்ளாடியா ஃப்ரிட்ஸ், ஜோசஃப் கர்டின் குழு அதைத்தான் சோதிச்சாங்க. பழைய இத்தாலிய வயலின்களையும் புது வயலின்களையும் கலந்து, வாசிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னாங்க. தேர்ந்த வயலின்காரங்களாலயே எது பழசு, எது புதுசுன்னு நம்பகமாப் பிரிக்க முடியல. நிறைய பேர் புதுசைத்தான் விரும்பினாங்க. 2012-ல முடிவு வெளியானப்ப பெரிய சண்டை. அப்புறம் பெயர்பெற்ற தனிக்கச்சேரிக் கலைஞர்களை வச்சு பாரிஸ் பக்கம் செஞ்ச சோதனையிலயும் (2014-ல வெளியானது) கிட்டத்தட்ட அதே கதைதான்.

இப்ப இன்னொரு எண்ணைப் பாருங்க. 'லேடி பிளண்ட்'ங்கற 1721-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவேரியஸ் 1971 ஏலத்துல 84,500 பவுனுக்குப் போச்சு. அதே வயலின் 2011-ல, ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்காக வித்தப்ப, ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல. (ஏலம் விட்ட நிறுவனத்தோட பேரு டாரிசியோ! நம்ம முதல் ஆளோட பேரைத்தான் வச்சிருக்காங்க.) இந்த 40 வருஷத்துல அதோட நாதம் அத்தனை மடங்கு இனிமையாவா ஆயிடுச்சு? விலை நாதத்துக்கு இல்லீங்க. 'இதைச் செஞ்சது இன்னார்'ங்கற ஒரு வாக்கியத்துக்கு. அந்த வாக்கியத்தைச் சொல்ற தகுதி உள்ளவங்க உலகத்துலயே ஒரு கைப்பிடி பேர். அவங்கள்ல நிறைய பேர் வியாபாரிகள்.

அந்தக் கைப்பிடியில ஒருத்தரா இருந்தவர்தான் டீட்மார் மாக்கோல்ட். ஜெர்மனியின் பிரேமன்ல பரம்பரை வயலின் வியாபாரக் குடும்பம். வியன்னாவுல தலைமையகம், நியூயார்க் வரைக்கும் கடை, ஆஸ்திரியாவுல வாழறதுக்கு ஒரு கோட்டை. அவர் மதிப்புப் போட்டா வங்கியே தலையாட்டும். கடைசியில என்ன ஆச்சு? வித்துக் கொடுங்கன்னு நம்பிக் கொடுத்தவங்களோட வாத்தியங்களை வித்துட்டுப் பணத்தைக் கொடுக்கல. வங்கியில 'ஸ்ட்ராடிவேரியஸ்'னு ரெண்டு வயலினை அடமானம் வச்சுக் கடன் வாங்கினார். மரத்தோட வளையங்களை எண்ணிப் பார்த்த நிபுணர்கள், அந்த மரம் வெட்டப்பட்டதே ஸ்ட்ராடிவேரி செத்த (1737) பிறகுதான்னு சொல்லிட்டாங்க. 2012-ல வியன்னா நீதிமன்றம் ஆறு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்துச்சு.

எனக்கு இதுல நம்ம மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வருது. தரகர் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, அதுக்கு அடியில விரலைப் பிடிச்சே விலை பேசுவார். விக்கிறவன்கிட்ட பேசின விலை வாங்குறவனுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் தரகு. மாட்டோட பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தெரிஞ்சவரும் அவர்தான். மாக்கோல்ட் கதையும் இதே மாதிரிதான். மதிப்புப் போடுறவர், விக்கிறவர், கமிஷன் வாங்குறவர் மூணும் ஒரே ஆள். அறிவும் லாபமும் ஒரே கையில இருந்துச்சு, நடுவுல துண்டு.

சரி, நம்ம பக்கம் எப்படி? வயலின் கர்நாடக சங்கீதத்துக்கு வந்ததுல பெரிய பங்கு முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு. மணலியில முதலியார் ஆதரவுல இருந்தப்ப ஒரு ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டார். தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவுக்கு, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல தந்தத்துல செஞ்ச வயலினைப் பரிசாக் கொடுத்தார். அப்பல்லாம் வாத்தியம் புரவலர் வழியா வந்துச்சு. கடை வழியா வந்தது அதுக்கப்புறம். சென்னை மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல், 1842-ல மிஸ்கித் அண்ட் கோ-ங்கற பேர்ல ஆரம்பிச்ச கடை.

வீணை கதையே வேற. 24 மெட்டையும் நிலையாப் பதிச்ச தஞ்சாவூர் வீணையை ரகுநாத நாயக்கர் (1600-1634) காலத்தோட சேர்த்துச் சொல்வாங்க. 2013-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. பலா மரம். ஒரே கட்டையில குடைஞ்சா ஏகாண்ட வீணை, குடம், தண்டி, யாளி முகம்னு தனித்தனியா செஞ்சு இணைச்சா ஒட்டு வீணை. இங்க பழசுக்குப் பெரிய சந்தை கிடையாது, லேபிளுக்குக் கோடி ரூபா கிடையாது. ஆனா வாங்கினதோட உறவு முடியாது. மெழுகுல மெட்டுகளைப் பதிச்சு ஸ்வரம் சரி பண்றதுக்கு 'மேளம் கட்டுறது'ன்னு பேரு. வெயில்ல மெழுகு இளகினா திரும்பக் கட்டணும். அதனால குருவே பட்டறைக்குப் போய், தட்டிப் பார்த்து, வாசிச்சுப் பார்த்து, சிஷ்யைக்கு வாங்கித் தருவார். ஆசாரி அடுத்த வருஷமும் அதே குரு முகத்துல முழிக்கணும். இங்க சர்டிஃபிகேட் அந்த முழிப்புதான்.

சிட்னிக்கு வந்தா இந்த ரெண்டு உலகமும் மோதுது. ஆசாரி தஞ்சாவூர்ல, மேற்கு சிட்னி கோடையில 40 டிகிரி தாண்டும். கார்ல விட்டுட்டுப் போனா மேளம் காலி. தந்தம் பதிச்ச பாட்டி வீணைன்னா பன்னாட்டு வனவிலங்கு வணிகச் சட்டம் வேற இருக்கு, அனுமதி இல்லாம எல்லை தாண்ட முடியாது. வயலினுக்கு இங்க நல்ல கடைகள் உண்டு. ஆனா கடைக்காரர் மேற்கத்திய சுருதியில மீட்டிக் காட்டுவார். நாம பாடகரோட கட்டைக்குத் தாழ்த்தி, ச-ப-ச-ப-ன்னு சேர்ப்போம். தளர்ந்த தந்தியில அதே வயலின் வேற மாதிரி பேசும். அதனால நம்ம சுருதிக்கு இறக்கி வாசிச்சுப் பார்க்காம எந்த வயலினுக்கும் தலையாட்டாதீங்க.

என்கிட்ட யாராவது கேட்டா இப்ப நான் சொல்றது இதுதான். நல்ல மனுஷரைத் தேடுங்க, தப்பில்ல. அதோட துண்டையும் எடுக்கச் சொல்லுங்க.

1. 'இது உங்க சொந்தச் சரக்கா, வேற யாருக்காவது வித்துத் தர்றீங்களா?'ன்னு நேராக் கேளுங்க. நல்ல வியாபாரி கோவிச்சுக்க மாட்டார்.

2. விக்கிறவரே போட்ட மதிப்பை மதிப்பா எடுத்துக்காதீங்க. பெரிய தொகைன்னா விக்கிறதுல பங்கில்லாத ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. கூட வர்ற வாத்தியாருக்குக் கமிஷன் உண்டான்னும் தெரிஞ்சுக்கங்க. (கேக்கச் சங்கடமாத்தான் இருக்கும்.)

3. பில்லுல வார்த்தையைப் பாருங்க. 'இன்னார் செஞ்சது' வேற, 'இன்னார் செஞ்சதா கருதப்படுது' வேற, 'இன்னார் லேபிள் உள்ளது' சுத்தமா வேற. 2011-ல இருந்து நடப்புல இருக்குற ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பொருள் கடைக்காரர் சொன்ன விவரத்தோட பொருந்தணும். விவரம் எழுத்துல இருந்தாத்தான் நாளைக்கு நிரூபிக்க முடியும்.

4. ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாசிக்க விடுறாங்களா, பிற்பாடு திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. தான் வித்ததைத் தானே திரும்ப வாங்கத் தயங்குற ஆள்கிட்ட நாம ஏன் வாங்கணும்?

டாரிசியோவுல இருந்து மாக்கோல்ட் வரைக்கும் எல்லாருமே விஷயம் தெரிஞ்சவங்கதான். அறிவுல ஒருத்தரும் குறைச்சல் இல்ல. தஞ்சாவூர் ஆசாரிகிட்ட கூடுதலா இருந்தது, நாளைக்கும் அதே வாசல்ல நிக்க வேண்டிய கட்டாயம். கடல் தாண்டி வந்த நமக்கு அந்தக் கட்டாயம் தானா அமையாது. கேள்வி கேட்டும், எழுதி வாங்கியும் நாமதான் அமைச்சுக்கணும்.

உங்க வீட்டுப் பரண் வயலின்ல என்ன லேபிள்? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஸ்ட்ராடிவேரியஸ்னா முன்கூட்டியே வாழ்த்துகள் ;-)