கழலைச் சிகிச்சையும் குரல் நரம்பும்

இரண்டாம் நூற்றாண்டில், பெர்கமம் நகரத்திலிருந்து ரோமாபுரிக்கு வந்து பெருங்கீர்த்தி பெற்றிருந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர், பிரபுக்களும் தத்துவ வித்வான்களும் கூடிய சபையில், கட்டிக் கிடத்தப்பட்டு வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு பன்றியின் கழுத்தைக் கீறி, மூச்சுக்குழலின் இரு மருங்கிலும் ஓடிய மெல்லிய நரம்புகளை நூலால் இறுக்கினார். உடனே அதன் கூச்சல் அடங்கிற்று. பிராணி துடித்தது, மூச்சு விட்டது, சப்தம் மட்டும் எழவில்லை. குரல் இருதயத்தில் பிறக்கிறது என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் சாதித்துவந்த காலத்தில், அதை ஆள்வது மூளையே என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டுவதே அவர் நோக்கம். உயிருள்ள பிராணியை அவ்விதம் வதைத்ததை நம் மனம் ஒப்பாதெனினும், மனிதனின் பேச்சு எந்த இழையில் தொங்குகிறது என்பது அன்றுதான் முதன்முதலாக உலகுக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்த கண்டமாலைக் கட்டிகளை அகற்றப் புகுந்த வைத்தியர்கள் இந்நரம்பையும் சேர்த்துப் பிய்த்துவிட, சிறுவர் குரலிழந்த வரலாற்றையும் கேலனே எழுதி வைத்திருக்கிறார்.

அந்நரம்பின் போக்கு விசித்திரமானது. மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் என்னும் பெருநரம்பின் கிளையாகிய அது, தான் சேரவேண்டிய குரல்வளையைக் கடந்து கீழே சென்று, இடப்புறத்தில் மார்புக்குள் மகாதமனியின் வளைவையும், வலப்புறத்தில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியையும், கப்பியில் திரும்பும் கயிறு போலச் சுற்றிக்கொண்டு, மீண்டும் மேல்நோக்கி ஏறி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியாகத் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியபடி குரல்வளையை அடைகிறது. கப்பியின் உவமை கேலன் சொன்னதே. சுரப்பிக்கு ரத்தம் தரும் கீழ்த் தமனியை அது சிலருக்கு முன்னாலும், சிலருக்குப் பின்னாலும், வேறு சிலருக்குத் தமனிக் கிளைகளின் நடுவிலும் கடக்கும். முடிவில், சுரப்பியை மூச்சுக்குழலோடு பிணைக்கும் பெர்ரி தசைநாரின் அருகே, கத்திக்கு மிகவும் நெருங்கிய இடத்தில் அது நிற்கிறது. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலோ அதனினும் குறைவாகவோ, வலப்புறத்து நரம்பு கீழிறங்காமல் நேராகவே குரல்வளைக்குச் சென்றுவிடுவதும் உண்டு. 1823-இல் ஸ்டெட்மன் என்பவர் இதைப் பதிவு செய்தார். ஒரு பக்கத்து நரம்பு கெட்டால் குரல் கம்மும். இரு பக்கமும் கெட்டால் குரல்நாண்கள் நடுவில் வந்து நின்று மூச்சையே அடைத்துவிடும்.

இவ்வளவு பழைய ஞானம் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தைராய்டு சுரப்பியின் வீக்கமாகிய கழலையை அறுக்கத் துணிந்தவர் மிகச் சிலரே. ரத்தப்பெருக்கும் சீழும் நோயாளியைக் கொன்றுவிடும் நிலையில் குரலைப்பற்றி யார் கவலைப்பட்டார்கள்? 1850-இல் பிரெஞ்சு வைத்திய அகாதமி இச்சிகிச்சையைக் கண்டித்தது. 1866-இல் அமெரிக்கராகிய சாமுவேல் கிராஸ் இது கசாப்பேயன்றிச் சிகிச்சை அன்று என்ற கருத்துப்பட எழுதினார். சூரிச்சில் பலரைப் பறிகொடுத்து இதைக் கைவிட்ட பில்ரோத் என்னும் வைத்தியர், கிருமி தடுக்கும் முறை வந்தபின் வியன்னாவில் மறுபடியும் தொடங்கினார். உயிர் பிழைத்தவர்கள் பெருகியபோதுதான் குரலிழந்தவர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். மானுவெல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் 1854-இல் சிறு கண்ணாடியொன்றைக் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே பார்த்த முறை வைத்தியர் கைக்கு வந்திருந்தபடியால், எந்த நாண் அசைகிறது, எது அசையவில்லை என்று நோயாளிகளிடத்தில் சோதித்தறியவும் முடிந்தது.

பெர்ன் நகரத்துத் தியோடர் கோகர், ரத்தம் சிந்தாத பொறுமையான முறையால் ஏறக்குறைய 5,000 கழலைகளை அறுத்து, மரணங்களை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைத்து, 1909-இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியின் பின்பக்கத்து உறையைத் தொடாமல் விடுவது அவர் வழக்கம். மிக்குலிச் என்பவரோ சுரப்பியின் பின்பகுதியையே சிறிது விட்டுவைக்கச் சொன்னார். நரம்பிருக்கும் பக்கமே போகாதே என்பதுதான் இவற்றின் உட்பொருள். நரம்பைத் திறந்து வெளிப்படுத்துவதே அதற்கு ஊறு என்று அஞ்சியவர்களுள் கிளீவ்லண்டின் ஜார்ஜ் கிரைலும் ஒருவர். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் காணாத பொருளைக் கத்தியிலிருந்து காப்பது எங்ஙனம்? பாஸ்டனில் பிராங்க் லேஹி இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். ஒவ்வொரு நோயாளியிடத்தும் நரம்பைத் தேடிக் கண்டு, அதன் வழிநெடுக நிதானமாகப் பிரித்தெடுத்துச் சென்று, அவரும் அவருடைய சகாக்களும் செய்த 3,000-க்கு மேற்பட்ட சிகிச்சைகளின் பலனை 1938-இல் வெளியிட்டார்: நரம்புக் காயம் நூற்றுக்கு 1.6-லிருந்து 0.3-ஆகக் குறைந்திருந்தது. சரித்திரத்தைத் திருப்பிய கட்டுரை இதுவென்றே நான் கருதுகிறேன்.

உச்சஸ்தாயிக்கு வேறொரு நரம்பு உண்டு. சுரப்பியின் மேல்முனை அருகே இறங்கும் அம்மெல்லிய கிளை குரல்நாண்களை இழுத்து முறுக்கேற்றுகிறது. 1935-இல் சிகாகோவில் கழலை அறுவை செய்துகொண்ட இத்தாலியப் பாடகி அமெலிடா காலி-குர்ச்சி, பின்னர் பழைய சாரீரத்தைப் பெறாது போனதற்கு இந்நரம்பு அறுபட்டதே காரணம் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. அறுவைக்கு முன்பே அவர் குரல் தளர்ந்திருந்தது என்பதைக் காட்டி, 2001-இல் வெளியான ஆராய்ச்சி அக்கதையைச் சந்தேகித்தது. மெய்யோ பொய்யோ, அக்கதையின் பயத்தால் எத்தனையோ பேருடைய மேல்நரம்பு பிழைத்தது என்று நம்புகிறேன்.

1960-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டார் அறுவையின்போதே நரம்பை மின்சாரத்தால் தூண்டி அதன் உயிர்ப்பை அறியும் முறையைக் கையாண்டனர். இன்று நோயாளியின் தொண்டைக்குள் செலுத்தும் சுவாசக் குழாயில் பொருத்திய மின்முனைகள் குரல் தசைகளின் அசைவை ஒலியாக அறிவிக்கின்றன. முதற்பக்கத்தில் அவ்வொலி அற்றுப்போனால், மறுபக்கத்தை அன்று தொடாமல் ஒத்திவைப்பது இரு நரம்பும் கெடும் ஆபத்தைத் தவிர்க்கிறது. ஆயினும் கண்ணால் கண்டறிவதற்கு இக்கருவி துணையே தவிர மாற்றன்று.

ஒரு நாண் அசைவற்றுப் போயும் குரல் மாறாதிருப்பவர்கள் உண்டு. ஆதலால் தைராய்டு அறுவைக்குச் செல்லும் வாசகர் எவரும், பேச்சு நன்றாயிருக்கிறதே என்று எண்ணிவிடாமல், அறுவைக்கு முன்னும் பின்னும் தம் குரல்நாண்களைப் பரிசோதிக்கும்படி வைத்தியரைத் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.