இரண்டு சிப், ஒரு சுவிட்ச்

கோவை மாவட்டம் கிணத்துக்கடவுப் பக்கம் ஜெனரேட்டர் வைத்திருக்கும் தோட்டங்களில் மோட்டார் ரூமுக்குள் போனால், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மேலே தள்ளினால் ஈ.பி. லைன், கீழே இழுத்தால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. அந்த நடு நிலைதான் முக்கியம். ஒரு பக்கம் முழுதாக விடுபட்ட பிறகே மறுபக்கம் பிடிக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஜெனரேட்டர் கருகிவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கும் ஆபத்து.

2006-ல் சோனி தன் வையோ எஸ்.இசட். வரிசை லேப்டாப்பில் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கீபோர்டுக்கு மேலே சின்னதாக ஒரு தள்ளு சுவிட்ச். ஒரு முனையில் ‘ஸ்டாமினா’, மறுமுனையில் ‘ஸ்பீடு’. ஸ்டாமினா பக்கம் இன்டெல் சிப்செட்டோடு சேர்ந்தே வரும் ஜி.எம்.ஏ. 950 கிராபிக்ஸ். ஸ்பீடு பக்கம் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கோ 7400. சுவிட்சைத் தள்ளினால் மட்டும் போதாது, மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எதற்கு இரண்டு? கடைக்காரர்கள் ‘மல்டிமீடியா லேப்டாப்’ என்று விற்ற மெஷின்களின் சங்கடம் அது. கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் தனி கிராபிக்ஸ் சிப் வேண்டும். ஆனால் சும்மா கணக்கு ஷீட்டைத் திறந்து வைத்திருந்தாலும் அந்தச் சிப் கரண்டைக் குடிக்கும், ஃபேன் சுற்றும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சாதாரண வேலைக்கு ஒன்று, கனமான வேலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதைத் தவிர அன்று வழியில்லை.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லோரும் இதைத் தொட்டுப் பார்த்தார்கள். 2008-ல் லெனோவோவின் திங்க்பேட் டி400, டி500 மாடல்களில் இன்டெல் கிராபிக்ஸும் ஏ.டி.ஐ. ரேடியானும் சேர்ந்து வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள், மேக்புக் ப்ரோவில் இரண்டு என்விடியா சிப்புகளை வைத்தது: 9400எம், 9600எம் ஜி.டி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். திறந்திருக்கும் வேலையை எல்லாம் மூடிவிட்டுச் சிப் மாற்ற எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? பலர் ஒரு பக்கம் வைத்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, விண்டோஸ் விஸ்டா ஒரே நேரத்தில் ஒரு கம்பெனியின் கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளைத்தான் ஏற்றுக்கொண்டது. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்த பிறகே இரண்டு கம்பெனி டிரைவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிந்தது.

கோவை வட்டாரத்தில் பேட்டரி நேரம் என்பது விளம்பர வாசகமாக மட்டும் இருக்காத காலம் அது. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் கொங்குப் பக்கம் பத்து மணி நேரத்துக்கும் மேல். சிறு பட்டறைகள் ஷிப்டைக் குறைத்தன. இன்வெர்ட்டர் விற்றவர்களுக்கு நல்ல காலம். நடுவே 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி, வீட்டில் கம்ப்யூட்டரே பார்க்காத பிள்ளைகள் கைக்கும் லேப்டாப் வந்தது. அதில் தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது, தேவையும் இல்லை. ஒத்தக்கால்மண்டபம் கற்பகம், கிணத்துக்கடவு ஸ்ரீ ஈஸ்வர் போன்ற கல்லூரிகள் இருக்கும் இந்தப் பொள்ளாச்சி ரோட்டில், பம்ப் இம்பெல்லரையோ வார்ப்பட அச்சையோ முப்பரிமாணத்தில் வரைந்து பழகும் மாணவனுக்குத்தான் இரண்டாவது சிப்பின் அவசியம் புரியும்.

2010 பிப்ரவரியில் என்விடியா ‘ஆப்டிமஸ்’ என்று ஒன்றை அறிவித்தது. இந்த வரலாற்றின் திருப்பம் அங்கேதான். அதுவரை இரண்டு சிப்பிலிருந்தும் திரைக்குக் கம்பி போனது. நடுவில் மக்ஸ் என்ற மின்சுவிட்ச் யாரை இணைப்பது என்று முடிவு செய்தது. ஆப்டிமஸ் அந்தச் சுவிட்சையே தூக்கி எறிந்தது. திரை எப்போதும் இன்டெல் கையில். கேம் திறந்தால் என்விடியா சிப் எழுந்து படத்தை வரையும். வரைந்ததை மெஷினின் பொது மெமரிக்கு நகலெடுத்துத் தரும். அதை இன்டெல் திரையில் காட்டும். கேமை மூடினால் என்விடியா சிப்புக்குப் போகும் கரண்டே நின்றுவிடும். எந்தப் புரோகிராமுக்கு எந்தச் சிப் என்பதற்கு டிரைவருக்குள் ஒரு பட்டியல், அது இணையம் வழியாகப் புதுப்பிக்கப்படும். முதலில் வந்தது ஆசுஸ் யு.எல்.50வி.எஃப். ரீஸ்டார்ட் இல்லை, லாக் அவுட் இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிளும் தன் வழியில் தானாக மாறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

வசதிதான். ஆனால் முடிவெடுக்கும் வேலை மனிதன் கையிலிருந்து டிரைவருக்குப் போய்விட்டது. டிரைவர் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் அதை அனுபவித்தார்கள். என்விடியா அப்போது அவர்களுக்கு ஆப்டிமஸ் ஆதரவு தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய சிப் வேலை செய்யாமல் கிடந்தது. பல மெஷின்களில் சும்மா கிடந்தபடியே பேட்டரியையும் தின்றது. 2011-ல் மார்ட்டின் யூல் என்பவர் ‘பம்பிள்பீ’ என்ற மென்பொருளைத் தானே எழுதி வெளியிட்டார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் ஆப்டிமஸ் பிரைமின் சகா பம்பிள்பீ. பெயரில் அந்தக் குறும்பு. அந்த மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளைக்குள் ஒரே ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்திருந்தது. பழைய என்விடியா ஃபோல்டர் ஒன்றை நீக்க வேண்டியது, சிஸ்டத்தின் முக்கால்வாசி மென்பொருள் இருக்கும் யு.எஸ்.ஆர். ஃபோல்டரை மொத்தமாக வழித்துவிட்டது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில், ஆப்டிமஸ் லேப்டாப் வாங்கி அவதிப்பட்ட பெண் ஒருவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் என்விடியா ஆதரவு தராததைப் பற்றிக் கேட்க, அவர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது உலகம் முழுக்கச் சுற்றிய காட்சி.

சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களுக்கு ஆப்டிமஸின் இதே வயரிங் வேறு விதமாக உதவியது. சூட்டில் முதலில் சாவது பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் சிப்தான். ஆப்டிமஸ் மெஷினில் திரை இன்டெல் வழியாகவே போவதால், செத்த சிப்பை முடக்கிவிட்டாலும் டைப் அடிக்க, படம் பார்க்க மெஷின் ஓடும். 2011 மேக்புக் ப்ரோவில் ரேடியான் சிப் பழுதானபோது இது அவ்வளவு சுலபமாக இல்லை. அதில் மக்ஸ் இருந்தது, மெஷின் பூட் ஆகும்போதே ரேடியானைத் தேடும். புகார்கள் குவிந்து, 2015-ல் ஆப்பிள் இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது.

ஆப்டிமஸ் ஒதுக்கிய மக்ஸ் சுவிட்சுக்குப் பத்து ஆண்டு கழித்து மறுவாழ்வு கிடைத்தது. திரைகள் விநாடிக்கு 144 முறை, 240 முறை புதுப்பிக்கும் அளவுக்கு வளர்ந்ததும், ஒவ்வொரு படத்தையும் நகலெடுத்து இன்டெல் வழியாக அனுப்புவதில் உண்டான தாமதம் கேம் ஆடுபவர்களுக்கு உறுத்தியது. 2020-ல் என்விடியா ‘அட்வான்ஸ்டு ஆப்டிமஸ்’ என்று, மக்ஸை டிரைவரே தட்டும்படி கொண்டுவந்தது. இன்று கேமிங் லேப்டாப் விளம்பரங்களில் ‘மக்ஸ் சுவிட்ச் உண்டு’ என்பதே தனிப் பெருமையாக அச்சாகிறது. ஆப்பிளோ 2021-ல் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் வந்ததோடு மேக்புக் ப்ரோவில் இரட்டைச் சிப் ஏற்பாட்டையே விட்டுவிட்டது.

புதிதாக வாங்குபவர்கள் விசாரிக்காமல் விடும் ஒன்று ஹெச்.டி.எம்.ஐ. துளை. பல மாடல்களில் அது நேராகத் தனிச் சிப்போடு இணைக்கப்பட்டிருக்கும். செமினார் ஹாலில் புரொஜெக்டர் கேபிளைச் செருகினால், ஓடுவது வெறும் ஸ்லைடுகளாக இருந்தாலும் பெரிய சிப் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கேபிளைப் பிடுங்கும்வரை தூங்கப் போகாது. சார்ஜர் எடுத்துப் போவது நல்லது.