சர்வர் வன்பொருள் எச்சரிக்கைகள்

சர்வரின் பாகம் ஒன்று பழுதானாலோ, பழுதாகும் அறிகுறி தென்பட்டாலோ அந்த இயந்திரமே விடுக்கும் அறிவிப்புகள் இவை. முகப்பில் எரியும் ஆரஞ்சு விளக்கும், நள்ளிரவில் நிர்வாகிக்கு வரும் ஒற்றை வரி மின்னஞ்சலும் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள பிஎம்சி என்ற தனிச் சில்லிலிருந்தே கிளம்புகின்றன. சர்வர் அணைந்திருந்தாலும் மின் இணைப்பு உள்ளவரை இது விழித்திருக்கும். டெல் சர்வர்களில் இதன் பெயர் ஐடிராக், எச்பியில் ஐஎல்ஓ. இவற்றுக்கான பொதுத்தரமான ஐபிஎம்ஐயை இன்டெல், டெல், எச்பி, என்ஈசி ஆகிய நிறுவனங்கள் 1998இல் கொண்டுவந்தன.

எந்த இடத்தில் கோளாறு என்பதை எச்சரிக்கை சொல்லிவிடும். ஏன் என்பதைச் சொல்வது அரிது. இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று போய்விட்டது என்று வரும். போய்ப் பார்த்தால் யாரோ கேபிளை இழுத்துவிட்டிருப்பார்கள். வெப்பம் கூடிவிட்டது என்றால் ஃபேன் நின்றிருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், அறையின் ஏசியே படுத்திருக்கலாம். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை.

ரேம் எச்சரிக்கை கொஞ்சம் நுட்பமானது. சர்வர்களில் இருக்கும் ஈசிசி ரேம், ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொண்டு கணக்கு மட்டும் வைக்கும். கணக்கு வரம்பு மீறினால்தான் அறிவிப்பு. ஒரே நினைவகச் சொல்லில் (வேர்ட்) இரண்டு பிட்டுகள் புரண்டால் கண்டுபிடிக்க முடியும், திருத்த முடியாது. இயந்திரம் பெரும்பாலும் நின்றுவிடும். 2009இல் வெளியான கூகுள் ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் பலகைகளில் திருத்தப்பட்ட பிழைகள் பதிவாகியிருந்தன. காஸ்மிக் கதிர் மீது பழிபோடுவது வழக்கம். அந்த ஆய்வோ பாகத்தின் நிலையான பழுதையே அதிகம் சந்தேகித்தது. பொறியாளர்கள் பலகையை வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகிப் பார்ப்பார்கள். பிழை கூடவே போனால் பலகை கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் என்ற முறையில் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்த கூகுளின் 2007 அறிக்கை இதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே காட்டியது. முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்துப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் அதிகமானவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பச்சை விளக்கை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

அறிகுறியே இல்லாத சாவுக்கு விசித்திரமான உதாரணம் 2019 நவம்பரில் வந்தது. தன் எஸ்எஸ்டிகளில் சில மாடல்கள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம், ஓடியதும் செயலிழந்துவிடும், தரவை மீட்கவும் முடியாது என்று ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் அறிவித்தது. 32,768 என்பது இரண்டின் 15ஆம் அடுக்கு. கோளாறு ஃபர்ம்வேரில் இருந்தது. ஒரே நாளில் வாங்கி ரெய்டில் பூட்டிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்ற ரெய்டின் கணக்கும் இங்கே உதவாது. கெடுவுக்குள் புது ஃபர்ம்வேர் ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கும் இதேபோன்ற எச்சரிக்கை வந்தது. அவற்றின் கெடு 40,000 மணி நேரம்.