காவல், துப்புக்கூலி, குற்றக் கணக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தில் ஊர்ப் பாதுகாப்பின் வரலாறு

ஒரு சிற்றூர் பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இன்று முதலில் நாடுவது மாவட்டக் குற்றப் புள்ளிவிவரங்களையே. ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தைப் பொறுத்தவரை இம்முயற்சி தொடக்கத்திலேயே ஓர் இடரை எதிர்கொள்கிறது. 1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. 1985இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு காமராசர் மாவட்டம் தோன்றியபோது மீண்டும் எல்லை மாறியது. ஸ்டூவர்ட் 1879இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்டக் கையேடு, அதன்பின் வந்த இராமநாதபுர மாவட்டப் பதிவுகள், இன்றைய விருதுநகர் மாவட்ட அறிக்கைகள் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரு வளைகோடு வரைய முடியாது. மாவட்ட எல்லை மாறியது மட்டும் இதற்குக் காரணம் அன்று. எது குற்றம், அதை யார் எண்ணுவது, எவருடைய இழப்பு இழப்பாகக் கருதப்படும் என்பனவும் ஒவ்வொரு காலத்திலும் மாறிவந்துள்ளன. இம்மாற்றங்களைக் காவல் முறையின் வரலாற்றின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊர்க்காவல் தமிழகத்தில் நெடுங்கால வரலாறுடையது. பாடிகாவல் என்னும் சொல் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வரியின் பெயராக இடம்பெறுகிறது. பிற்பாண்டியர் காலப் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊரார் தம் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்ற செய்திகளைக் காணலாம். காவல் என்பது அக்காலத்திலேயே விலை கொடுத்துப் பெறும் ஒன்றாகவும், கைமாற்றத்தக்க உரிமையாகவும் இருந்தது என்பதற்கு இவை சான்றாகும். நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் அமைந்தபின் இவ்வுரிமை பாளையக்காரர் கைக்குச் சென்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி முதலிய பாளையங்கள் வரிசையாக அமைந்திருந்தன. மலைவழிகள், கண்மாய்கள், மேய்ச்சல் நிலங்கள், வண்டிப்பாதைகள் ஆகிய அனைத்தும் சந்திக்கும் பகுதி இது. களத்தில் குவிந்த நெல்லும் கிடையில் அடைந்த ஆடுமாடுகளும் இரவோடு இரவாக மலைக்குள் மறையக்கூடிய நில அமைப்பு. இத்தகைய நிலத்தில் காவல் தேவையாக இருந்தது. காவலே ஒரு அதிகாரமாகவும் ஆனது.

இம்முறையில் இரு அடுக்குகள் இருந்தன. ஊருக்குள் இருந்த காவல்காரர் செய்தது தலக்காவல். அவருக்கு மானிய நிலமோ, அறுவடைக் களத்தில் அளந்து தரப்படும் தானியமோ ஊதியமாக அமைந்தது. பாளையக்காரர் தம் பாளையத்திற்கு வெளியிலுள்ள ஊர்களிலும் பெற்றுவந்தது தேசகாவல் அல்லது திசைக்காவல். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி தளர்ந்த 18ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டாம் அடுக்கு பெருகியது. திருநெல்வேலிப் பாளையங்களின் கலெக்டராக இருந்த லூசிங்டன் நூற்றாண்டின் இறுதியில் இதுபற்றி விரிவாக எழுதினார். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் அக்கருத்துகளை எடுத்தாண்டுள்ளார். கம்பெனி அதிகாரிகளின் பார்வையில் தேசகாவல் என்பது அச்சுறுத்திப் பறிக்கப்படும் பணம். காவல் கொடுக்காத ஊரில் களவு நிகழும். கொடுத்த ஊரில் நிகழாது. எனவே காவலரும் கள்வரும் ஒருவரே என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை இல்லை எனக் கூற இயலாது. ஆயினும் காவல் முறையின் ஒரு கூறு இவ்வாதத்தால் மறைக்கப்படுகிறது. காவல் பெற்றவர் தம் எல்லைக்குள் களவுபோன பொருளை மீட்டுத்தர வேண்டும். மீட்க இயலாதபோது ஈடு செய்ய வேண்டும். காவல் என்பது பொறுப்பேற்றலுடன் கூடிய ஓர் உடன்பாடு. களவுபோன மாட்டின் இருப்பிடத்தைக் கண்டறிந்து சொல்வதற்குத் தரப்படும் துப்புக்கூலியும் இவ்வுடன்பாட்டின் ஓரத்தில் நின்றது. மாட்டின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால் மாடு ஏதேனும் ஒரு தோட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். உரியவர் சென்று அவிழ்த்துக்கொள்ளலாம். துப்புச் சொன்னவர் யார், மாட்டைக் கொண்டுசென்றவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. உழவுப் பருவத்தில் மாடு இழந்த உழவருக்கு நீதிமன்றத் தீர்ப்பைவிட மாடே முதன்மையானது. கூலி கொடுத்து மாட்டை மீட்டவர் புகார் அளிப்பதில்லை. எனவே துப்புக்கூலி வழக்கிலிருந்த இடங்களில் கால்நடைக் களவின் எண்ணிக்கை ஏடுகளில் குறைவாகவே பதிவாகியிருக்கும். குறைந்த எண்ணிக்கை பாதுகாப்பின் அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்வுடன்பாட்டில் யார் பங்குபெற்றனர் என்பதும் நோக்கத்தக்கது. நிலமும் களமும் கால்நடையும் உடையவரே காவல் கொடுத்தனர். காவலின் அளவு ஏர், களம், தலைக்கட்டு என உடைமையைக் கொண்டே கணக்கிடப்பட்டது. சேரிகளில் வாழ்ந்த பண்ணையாட்களுக்கு ஈடு கோரத்தக்க உடைமை எதுவும் இல்லை. அவர்கள்மீது நிகழ்த்தப்பட்ட அடி, உதை, வெளியேற்றம் ஆகியவை காவல் முறையின் கணக்கில் இடம்பெறவே இல்லை. காவல் முறையை இழந்துபோன நல்லாட்சியாகப் போற்றும் வட்டார வரலாற்று நூல்கள் சில இப்பகுதியைக் கடந்துசென்றுவிடுகின்றன.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்ததும் அறிந்தவையே. அவற்றைத் தொடர்ந்து 1801 டிசம்பரில் வெளியான அறிவிப்பு பாளையங்களின் படைக்கலன்களைப் பறித்தது. காவல் உரிமையையும் கம்பெனி அரசே எடுத்துக்கொண்டது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். 1802இல் கொண்டுவரப்பட்ட தரோகா முறை நெடுநாள் நீடிக்கவில்லை. மன்றோவின் பரிந்துரைகளை ஒட்டி 1816இல் இயற்றப்பட்ட 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த்தலைவரிடமே போலீஸ் அதிகாரத்தை ஒப்படைத்தது. தலையாரி அவருக்குத் துணை. சிறு சச்சரவு, வசைமொழி போன்றவற்றுக்காக ஒருவரைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்க ஊர்த்தலைவருக்கு இச்சட்டம் இடமளித்தது. தாழ்ந்த சாதியினர் எனக் கருதப்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கவும் அதே சட்டம் அனுமதித்தது. ஊர்வழக்காக இருந்த சாதி வேறுபாடு இங்கே அச்சிட்ட சட்டத்தின் பிரிவாகிறது. ஐரோப்பிய நீதியின் வருகையைச் சமத்துவத்தின் தொடக்கமாகக் காண்போர் இப்பிரிவைப் பொருட்படுத்துவது நன்று.

வருவாய் அதிகாரியே போலீஸாகவும் இருந்த இம்முறையின் விளைவுகளை 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. வரி வாங்கவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் ஒரே வகைத் துன்புறுத்தல்கள் கையாளப்பட்டதை அக்குழு பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாகவே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் தனிப் போலீஸ் துறையை உருவாக்கியது. மாவட்டந்தோறும் கண்காணிப்பாளர், நிலையந்தோறும் நாட்குறிப்பு, ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை என்னும் ஒழுங்கு இதன்பின் அமைந்தது. இன்று நாம் குற்ற வீதம் எனக் கூறுவது பிறந்தது இவ்வறிக்கைகளின் அட்டவணைகளில்தான். ஆயினும் ஊருக்குள் நிகழ்ந்ததை நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டியவர் அதே கிராம முன்சீப்பும் அதே தலையாரியுமே. அட்டவணையின் அடித்தளம் பழைய ஊரதிகாரத்திலேயே ஊன்றியிருந்தது.

அட்டவணைகள் பெருகியதற்குச் சட்டங்கள் பெருகியதும் காரணம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இவ்வட்டாரத்தில் தனிக் கவனத்துக்குரியது. மலையடிவார மக்களுக்கு விறகு, தழையுரம், தேன், மேய்ச்சல் ஆகியவை அன்றாட வாழ்வின் பகுதிகள். காடு ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டதும் நேற்றைய வழக்கம் இன்றைய குற்றமாயிற்று. செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் பளியர்களுக்குச் சட்டத்துடனான உறவு பெரிதும் இவ்வழியாகவே ஏற்பட்டது. ஒருவரும் மற்றொருவருக்குத் தீங்கு செய்யாமலேயே ஒரு வட்டாரத்தின் குற்ற எண்ணிக்கை உயர முடியும் என்பது இதனால் விளங்கும்.

விலைவாசியும் எண்ணிக்கையை அசைத்தது. சென்னை மாகாணத்தில் கூட்டுக்கொள்ளைகளின் ஏற்ற இறக்கம் தானிய விலையை ஒட்டி நிகழ்ந்ததை டேவிட் ஆர்னால்டு தம் ஆய்வுகளில் நிறுவியுள்ளார். 1876–78 பஞ்சமும் 1918ஆம் ஆண்டின் தானியக் கலவரங்களும் இதன் இரு முனைகள். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு வேலையின்றிப் போகும் இம்மண்ணுக்கு அவ்விளக்கம் நன்கு பொருந்தும்.

பாதுகாப்பைத் தாமே அமைத்துக்கொண்டோரும் இருந்தனர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வாணிகம் செய்த நாடார்கள் பேட்டைகளை அமைத்தனர். வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் தங்கும் மதில்சூழ் இடங்கள் அவை. அதற்கான செலவு மகமை நிதியிலிருந்து வந்தது. அந்நிதியை உறவின்முறை நிர்வகித்தது. ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூல் இதனை விளக்குகிறது. வழிக்காவலுக்கு வேறொருவரிடம் பணம் கொடுக்கும் நிலையிலிருந்து தமக்குத்தாமே வரி விதித்துக்கொள்ளும் நிலைக்கு ஒரு சமூகம் நகர்ந்ததை இங்குக் காண்கிறோம். காவல் கூலியை இழந்தவர்களின் மனக்குறையும் பின்னாளைய மோதல்களுக்கான காரணங்களுள் ஒன்று. 1899 ஜூன் 6இல் சிவகாசி தாக்கப்பட்டபோது, கோயில் நுழைவு உரிமை குறித்த பூசலுடன் நெடுநாள் பகையும் சேர்ந்து வெடித்தது. தாக்குதல் வரப்போவது ஊரறிந்த செய்தியாக இருந்தும் அதைத் தடுக்கப் போதிய போலீஸ் அங்கு இல்லை. மக்கள் நினைவில் 'சிவகாசிக் கொள்ளை' என ஒற்றைப் பெயரில் நிற்கும் இந்நிகழ்வு, ஏடுகளில் கலகம், தீவைப்பு, கொள்ளை, கொலை எனத் தனித்தனிப் பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது. சாதி என்னும் காரணத்துக்கு அவ்வட்டவணையில் தலைப்பு இல்லை.

(தனிமனிதர் தம் அளவில் செய்துகொண்ட ஏற்பாட்டையும் ஒருவரியில் குறிப்பிடலாம். வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுசென்றவற்றுள் ஒன்று ஒரு காவல் கருவி என்பது தற்செயல் அன்று.)

காவல் முறையை ஒழிக்க இயலாத அரசு, இருபதாம் நூற்றாண்டில் காவல்காரரின் சமூகத்தையே குற்றத்தின் இருப்பிடமாகக் கருதத் தொடங்கியது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறப்பே பதிவேட்டில் இடம்பெறப் போதுமானதாயிற்று. மதுரை மாவட்டப் பிறமலைக் கள்ளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்ததும், 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இதன் கொடிய பக்கம். இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களில் மறவர் சமூகத்தின் சில பிரிவினரும், பல இடங்களில் குறவர்களும் இச்சட்டத்துக்கு உள்ளாயினர். இரவில் நிலையத்துக்குச் சென்று கையெழுத்திடத் தவறுவது தனிக் குற்றம். ஆக, ஒருவர் வீட்டில் உறங்கியதும் குற்றக் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுமைக்கும் நீங்கியது. எனினும் 1948ஆம் ஆண்டின் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தில் வந்தமர்ந்தது. பெயர் சமூகத்திலிருந்து தனிமனிதருக்கு மாறியது. போலீஸாரின் ஐயம் அவ்வளவு விரைவாக மாறவில்லை.

விடுதலைக்குப் பின் இவ்வட்டாரத்தின் வாழ்வு வேறுவகையில் மாறிற்று. 1936இல் தொடங்கப்பட்ட இராஜபாளையம் மில்லும் அதைத் தொடர்ந்த நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும் இரவுப்பணியைக் கொண்டுவந்தன. பெண்கள் இரவில் வேலைக்குச் சென்று திரும்பும் பாதை, பேருந்து, விடுதி ஆகியன புதிய பாதுகாப்புச் சிக்கல்களாயின. பழைய காவலின் மொழியில் இவற்றுக்குச் சொல்லே கிடையாது. 1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்டபோது, 1816 முதல் தொடர்ந்துவந்த ஊரதிகாரமும் முடிவுக்கு வந்தது. நாடார் – மறவர் பகையின் இடத்தில் பின்னர்த் தலித் மக்களின் எழுச்சியும் அதன்மீதான எதிர்ப்பும் மையமாயின. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், காவல் முறை ஒருபோதும் எண்ணாத தீங்குகளுக்கு முதன்முறையாகத் தனித் தலைப்பைத் தந்தது. இத்தலைப்பின்கீழ் எண்ணிக்கை உயர்வதை ஒரு வட்டாரத்தின் சீர்கேடாக மட்டும் படிப்பது பிழை. புகார் அளிக்கத் துணிந்தோர் பெருகியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருப்பினும் முதன்மையானதை மட்டுமே எண்ணுகிறது. அவ்வெண்ணிக்கைக்கு முன்பே இன்னொரு வடிகட்டி உள்ளது. தமிழகக் காவல் நிலையங்களில் புகார் பெறப்பட்டதும் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டின் ரசீது. கைதுக்குரிய குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் ரசீதுடன் திரும்பி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. களவுபோன கைபேசிக்கோ இருசக்கர வண்டிக்கோ இடைத்தரகர் வழியாகத் தொகை கொடுத்து மீட்போர், துப்புக்கூலி என்னும் சொல்லை அறிந்திருக்க மாட்டார்கள். அவர்களின் இழப்பும் மீட்பும் எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. இவ்வட்டாரத்தின் காவல் நிலையங்களிலுள்ள சி.எஸ்.ஆர். பதிவேடுகளை முதல் தகவல் அறிக்கைகளுடன் ஊர்வாரியாக ஒப்பிடும் ஆய்வு இன்னும் செய்யப்பட வேண்டியதாகவே உள்ளது. சேத்தூர், தேவதானம், செண்பகத்தோப்பு போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து அதனைத் தொடங்கலாம்.