லாஸ்ட் ஹைவே: ஆல்பத்தில் இல்லாத அந்தப் பாட்டு

இன்னைக்கு ஒரு படம், அதோட சவுண்ட்ட்ராக், அந்த சவுண்ட்ட்ராக்கில் இடம்பெறாத ஒரு பாட்டு. மூணையும் சேர்த்துத்தான் பேசணும்.

படம், டேவிட் லிஞ்ச் இயக்கி 1997-ல் வந்த 'லாஸ்ட் ஹைவே'. லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ரெட் என்று ஒரு சாக்ஸபோன் கலைஞன். மனைவி ரெனே மேல் சந்தேகம். அவர்கள் தூங்குவதை யாரோ வீட்டுக்குள் வந்து படம்பிடித்த வீடியோ டேப் வாசலில் கிடக்கிறது. பிறகு ரெனே கொலை, ஃப்ரெட்டுக்கு மரண தண்டனை. ஒருநாள் காலையில் பார்த்தால் சிறை அறையில் ஃப்ரெட் இல்லை. பீட் என்று ஒரு மெக்கானிக் பையன் உட்கார்ந்திருக்கிறான்! எப்படின்னு படம் கடைசிவரை சொல்லாது. பீட் காதலிக்கும் ஆலிஸாக வருவதும் ரெனேவாக நடித்த அதே பட்ரிசியா ஆர்கெட்தான்.

சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் 40 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. சிஸ்கல், ஈபர்ட் என்ற இரண்டு பெரிய விமர்சகர்களும் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். லிஞ்ச் அசரவில்லை. படத்தைப் பார்க்க இன்னும் இரண்டு நல்ல காரணங்கள் என்று அதையே விளம்பரமாக்கினார். மனுஷன் கெத்து.

ஆனா ஆல்பம் ஓடிச்சு. பில்போர்ட் 200 பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. தொகுத்தவர் நைன் இன்ச் நெயில்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர். போவி, லூ ரீட், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், பிரேசிலின் ஜோபிம் என்று சம்பந்தமே இல்லாத ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதிகம் பேருக்குத் தெரியாத ஜெர்மன் பேண்ட் ராம்ஸ்டைனுக்கு இரண்டு பாட்டு. படத்தைப் பார்க்காமலேயே அந்த சிடியைத் தேயத் தேயக் கேட்டவர்கள் நிறைய பேர் உண்டு.

ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. அதுக்கு 11 வருஷம் பின்னாடி போகணும்.

1986, 'ப்ளூ வெல்வெட்'. ஒரு பார்ட்டியில் ஹீரோவும் ஹீரோயினும் மெதுவாக ஆடும் காட்சிக்கு லிஞ்ச் கேட்டது 'சாங் டு த சைரன்'. டிம் பக்லி 1970-ல் பாடியதை, 1983-ல் திஸ் மார்ட்டல் காயிலுக்காக எலிசபெத் ஃப்ரேசர் மறுபடி பாடியிருந்தார். உரிமைத் தொகை பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தப் படத்தில் இசபெல்லா ரோசலினிக்குப் பாடப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஏஞ்சலோ பதலமென்டி. லிஞ்ச் வரிகளை எழுத, அவர் மெட்டமைக்க, ஜூலி க்ரூஸ் பாட, 'மிஸ்டரீஸ் ஆஃப் லவ்' பிறந்தது. அதே மூணு பேர்தான் 1990-ல் 'ட்வின் பீக்ஸ்' இசைக்கும். நம்ம லிஞ்ச் சத்தம் என்று அடையாளம் காணும் அந்த மிதக்கும் இசை, ஒரு பாட்டை வாங்க முடியாததால் போட்ட வொர்க்-அரௌண்ட். ப்ரொடக்‌ஷன்ல வருஷக்கணக்கா ஓடுற டெம்பரரி ஃபிக்ஸ் மாதிரி, அதுவே சிஸ்டம் ஆயிடுச்சு.

லிஞ்ச் மட்டும் அந்தப் பாட்டை மறக்கவில்லை. 'லாஸ்ட் ஹைவே'யில் கடைசியாகக் கிடைத்தது. முதல் பாதியின் படுக்கையறையில் தூரத்தில் கேட்பதுபோல் ஒரு துண்டு வந்து மறையும். பிறகு பாலைவனம். கார் ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு உடல்களும் வெள்ளையாகக் கரைய, ஃப்ரேசரின் குரல் எழும். நீ என்னை ஒருபோதும் அடையமுடியாது என்று பீட்டின் காதில் சொல்லிவிட்டு ஆலிஸ் நடந்து போகிறாள். எழுந்து நிற்பது பீட் இல்லை, ஃப்ரெட்.

சைரன் என்றால் கிரேக்கக் கதையில் பாடியே மாலுமிகளை இழுத்து அழிப்பவள். மனைவியைக் கொன்றவன் மனசுக்குள் அவளை அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறான். அந்தக் கற்பனையிலும் அவள் அவனுக்குக் கிடைக்கவில்லை. ராம்ஸ்டைனின் இடி இல்லாமல்கூட இந்தப் படம் நிற்கும். இந்தப் பாட்டு இல்லாமல் நிற்காது என்பது என் கட்சி. வாக்குமூலமே அதுதானே?

ஆல்பத்தில் அது இல்லை. ஸ்ட்ரீமிங்கில் இப்பவும் அந்தப் பட்டியலில் தேடினால் வராது. 1984-ல் வந்த 'இட்'ல் எண்ட் இன் டியர்ஸ்' ஆல்பத்தில் இருக்கு. அங்கிருந்து எடுத்து உங்க ப்ளேலிஸ்ட்டில் நீங்களே சேர்த்துக்கணும்.