கம்பியில்லா இணைப்புப் புகை அலாரம்

கம்பியில்லா இணைப்புப் புகை அலாரம் என்பது ஒரு வீட்டின் பல இடங்களில் பொருத்தப்பட்டு, வானொலி அலைகளின் மூலம் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் புகை எச்சரிக்கைக் கருவிகளின் தொகுதி ஆகும். இவற்றுள் ஏதேனும் ஒன்று புகையை உணர்ந்தால், எல்லாக் கருவிகளும் ஒருசேர ஒலிக்கும். சுவரை உடைத்துக் கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதால், ஏற்கனவே கட்டப்பட்ட வீடுகளில் இவை பெரிதும் பயன்படுகின்றன.

தேவை

உறங்குபவர் புகையின் மணத்தால் விழித்துக்கொள்வார் என்று நம்பியிருக்க இயலாது. ஒலியே அவரை எழுப்ப வேண்டும். வீட்டு அலாரங்கள் பொதுவாக 3 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் அளவுக்கு ஒலி எழுப்புகின்றன. ஆயினும் கீழ்த்தளத்தில் எழும் ஒலி, மேல்தளத்தில் கதவு மூடிய அறையை அடையும்போது மிகவும் தணிந்துவிடும். படுக்கையறைக்குள்ளேயே ஒலி எழச் செய்வதே இணைப்பின் பயன்.

ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் சிலாக்சு கிரீக் என்னும் இடத்தில் 2011 ஆகத்து 24 இல் ஒரு வீடு தீப்பற்றி 11 பேர் இறந்தனர். அவ்வீட்டில் வேலை செய்யும் புகை அலாரம் இருக்கவில்லை. இறப்பு விசாரணை அதிகாரியின் பரிந்துரைகளைத் தொடர்ந்து அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளை இணைக்கும் நடைவழியிலும், ஒவ்வொரு தளத்திலும் ஒளிமின் வகை அலாரம் இணைப்புடன் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். புதிய வீடுகளுக்கு 2017 சனவரி 1, வாடகைக்கோ விற்பனைக்கோ விடும் வீடுகளுக்கு 2022 சனவரி 1, ஏனைய எல்லா வீடுகளுக்கும் 2027 சனவரி 1 என நாள் குறிக்கப்பட்டது.

இலண்டனின் கிரென்பெல் கோபுரத் தீயில் (2017 சூன் 14) 72 பேர் இறந்த பின்னர் இசுக்காட்லாந்தும் விதிகளை இறுக்கியது. அங்கு 2022 பெப்ரவரி 1 முதல் அதிகம் புழங்கும் அறையில் ஒன்றும், ஒவ்வொரு நடைவழியிலும் மாடிப்படித் தளத்திலும் ஒவ்வொன்றும் புகை அலாரங்களாகவும், சமையலறையில் வெப்ப அலாரமாகவும் இருக்க வேண்டும்; அனைத்தும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இயங்கும் விதம்

ஒளிமின் வகையில் ஓர் இருண்ட சிற்றறைக்குள் ஒளிக்கற்றை செல்கிறது. புகைத் துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழ, அலாரம் ஒலிக்கிறது. அயனி வகை மிகச் சிறிதளவு அமெரிசியம்-241 ஐப் பயன்படுத்துகிறது. அது கொழுந்து விட்டெரியும் தீயை விரைவில் உணரும், கனன்று புகையும் தீயைத் தாமதமாகவே உணரும். மெத்தையும் நாற்காலியும் இரவில் கனன்றே தீப்பிடிப்பது உண்டு என்பதால், படுக்கையறைக்கு ஒளிமின் வகையே ஏற்றது. வெப்ப அலாரம் புகையைப் பொருட்படுத்தாது. ஏறத்தாழ 54 முதல் 65 பாகை செல்சியசுக்குள் ஒலிக்கும். தாளிக்கும் புகைக்கு அஞ்ச வேண்டாத சமையலறைக் கருவி இது.

இணைப்புக்கு ஐரோப்பாவில் 868 மெகாஏர்ட்சு பட்டை பரவலாகப் பயன்படுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று அறியா. ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய வகைகள் கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

பொருத்துதல்

கூரையில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாக் கருவிகளையும் இணைத்துக்கொள்வது எளிது. ஒன்றைக் கற்றல் நிலைக்குக் கொண்டுவந்து, பிற கருவிகளையும் அவ்வாறே செய்தால் அவை ஒன்றன் குறியீட்டை மற்றொன்று பதிந்துகொள்ளும். இதற்கான பொத்தான் எது, விளக்கு எத்தனை முறை மின்னும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டைப் பின்பற்ற வேண்டும். இணைத்து முடிந்ததும் கற்றல் நிலையிலிருந்து வெளியேற மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த வீட்டார் அதே வகைக் கருவியைப் பொருத்தும்போது அவர்களுடையதும் சேர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. பிறகு அவர்கள் ரொட்டி கருகினால் நம் வீடு அலறும்.

சூடான புகை மேலெழுவதால் கூரையே உரிய இடம். சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளியிருத்தல் நன்று, ஏனெனில் சுவரும் கூரையும் கூடும் மூலையில் காற்று தேங்கிப் புகை எட்டாமல் போகலாம். மின்விசிறி, குளிர்பதனக் காற்று வாய், குளியலறைக் கதவு ஆகியவற்றின் அருகிலும் தவிர்க்க வேண்டும்.

கூரையில் ஏற்றிய பின் மீண்டும் சோதிப்பது இன்றியமையாதது. மேசையில் அருகருகே இருந்தபோது கிடைத்த சைகை, இரும்பு விட்டம், அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை, பெரிய நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை குறுக்கிட்டால் கிட்டாமல் போகலாம். ஒரு கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்து, மற்றவை சில நொடிகளில் ஒலிக்கின்றனவா என்று வீடு முழுதும் நடந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் இதைச் செய்தல் வேண்டும். ஒன்று கேட்கும், ஆனால் அனுப்பாது என்ற நிலையும் உண்டு. சைகை கிட்டாத இடத்தில் கருவியைச் சற்றே நகர்த்தினாலோ இடையில் இன்னொன்றைச் சேர்த்தாலோ பெரும்பாலும் சரியாகும்; பல வகைகளில் ஒவ்வொரு கருவியும் செய்தியை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்கிறது.

பழுதுகளும் தீர்வும்

நிமிடத்திற்கு ஒரு முறை போல எழும் குறுஞ்சத்தம் மின்கலம் தளர்ந்ததன் அறிகுறி. இது பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: குளிரில் மின்கலத்தின் மின்னழுத்தம் குறைகிறது. பகலில் சத்தம் நின்றுவிட்டாலும் மின்கலம் தேறிவிட்டது என்று கொள்ளலாகாது. முத்திரையிட்ட மின்கலம் உடையதாயின் கருவி முழுவதையுமே மாற்ற வேண்டும்.

எல்லாம் ஒருங்கே அலறினால் முதலில் தீயே என்று கொண்டு வெளியேற வேண்டும். தீ இல்லை என உறுதியான பிறகே தொடக்கக் கருவியைத் தேடலாம். அதன் சிவப்பு விளக்கு விரைந்து மின்னும். பல வகைகளில் வேறு கருவியின் அமைதிப் பொத்தானை அழுத்தினால், தொடங்கிய ஒன்று மட்டும் தொடர்ந்து ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நீராவி, தூசு, சிற்றறைக்குள் புகுந்த சிறுபூச்சி ஆகியவையே வழக்கமான காரணங்கள். வெற்றிட உறிஞ்சியின் மென்தூரிகையால் வெளிப்புறத் துளைகளைத் துடைத்தால் போதும். கருவிக்கு வண்ணம் பூசலாகாது.

ஒரு கருவியை மாற்றினால் புதியதை மீண்டும் கற்பிக்க வேண்டும். நீக்கிய கருவியைப் பிறவற்றின் நினைவிலிருந்து அழிக்காவிட்டால், அவற்றுள் சில அதனைக் காணவில்லை என்று பழுது காட்டிக்கொண்டிருக்கும். நீக்கியதை இயங்கும் நிலையிலேயே பெட்டியில் போட்டு வைத்து, எங்கிருந்து சத்தம் வருகிறது என்று வீடெங்கும் தேடுவோரும் உளர்.

கூச்சல் பொறுக்காமல் மின்கலத்தைக் கழற்றி வைப்பதே இவற்றுள் மிகக் கொடிய பழுது. முத்திரையிட்ட மின்கலத்தை இசுக்காட்லாந்து விதிகள் வலியுறுத்துவது இதைத் தடுக்கவே. மின்கலம் எவ்வகையாயினும், மின்னிணைப்பு இருப்பினும், உணரி முதுமை அடைவதால் கருவியை 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காலாவதி ஆண்டு பெரும்பாலும் கருவியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும்.